காபிக்கொட்டை நிறத்தில் நான்கு முட்டைகள்

ஒரு பறவையின் முட்டைகளுக்கு நான் சாயம் போட்டுவிட்டேன் என்று நம்பினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். கனவில் அல்ல, பட்டப்பகலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழு சுயநினைவோடு நம்பினேன். அதுவும் என்ன நிறம்? காபிக்கொட்டை. ஷேடு உட்பட அப்படியே ஒத்துப்போனது. அத்தனை வினைக்கும் அதுதான் காரணம்.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் தொழில். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் டவுன் பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டி என் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சாயப் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை. நெசவுக்காரர்கள் பழைய புடவையிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு வந்து, "இதே கலர் வேணும்" என்பார்கள். அந்த நூலை வெயிலில் பிடித்துப் பார்ப்பேன், நிழலில் பிடித்துப் பார்ப்பேன், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். பிறகு மருந்து எழுதித் தரும் டாக்டர் மாதிரி, "மஞ்சள் ஒரு சொட்டு தூக்கலா இருக்குது" என்பேன். மற்ற கண்ணையும் மூடிக்கொண்டே கலந்தாலும் சரியாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் கண்ணுக்கு இருக்கிற அந்த மரியாதை என் மூளைக்கு ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் குட்டை ததும்பியது. மழை விட்டதும் அந்தப் பறவை வந்தது. கைக்குள் அடங்குகிற உருவம். கோழிக்குஞ்சுக்கும் வாத்துக்குஞ்சுக்கும் இடையே எங்கோ முடிவு செய்யாமல் விட்டது போலிருந்தது. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கழுத்து செங்கல் சிவப்பு. அலகு தொடங்குகிற இடத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு, வேலை முடிந்து யாரோ விரலைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி.

முதல் நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனது. நின்றேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். வரவில்லை. குளிப்பதற்கே யோசிக்கிற ஆள் நான், அப்படியே வேட்டியோடு குட்டைக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் வரை சேறு இழுத்தது. நான் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில், குட்டையின் மறுகோடியில் அது எழுந்தது. வாயில் ஒரு சின்ன மீன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீனை விழுங்கிவிட்டு, கிலுகிலுவென்று குதிரைக்குட்டி கனைப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா அங்க? பாத்ரூம்ல தண்ணி வந்துக்கினுதானே இருக்குது?"

"ஒரு பறவ முழுகிட்டுதுன்னு நெனச்சேன்."

"அது முழுகறதுக்குன்னே பொறந்தது. நீ எதுக்கு முழுகற?"

அதன் பெயர் முக்குளிப்பான் என்று செல்போன் சொன்னது. பெயரிலேயே எல்லாம் இருந்தது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு வேட்டி மிஞ்சியிருக்கும்.

கொஞ்ச நாளில் அது இரண்டானது. இரண்டும் எதிரெதிரே நின்று கனைத்துக்கொண்டன, துரத்திக்கொண்டன, தண்ணீரின் மேலேயே இறக்கையை அடித்துக்கொண்டு ஓடின. கரைக்கு மட்டும் வருவதில்லை. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருக்கின்றன. நீந்த அது பிரமாதம், நடக்க உதவாது. ஒரே ஒரு தடவை கரையோரச் சேற்றில் ஏறியதைப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் மாதிரி நாலடி தள்ளாடிவிட்டு, வயிற்றால் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது.

பிறகு கூடு கட்டத் தொடங்கின. மரியாதைக்காகக் கூடு என்கிறேன். கோரைகளுக்கு நடுவே, அழுகின பாசியையும் தழையையும் முழுகி முழுகி எடுத்து வந்து குவித்து, இரண்டு கோரைத் தண்டில் மாட்டி மிதக்கவிட்ட ஈரக் குப்பை அது. போகிக்கு ஒதுக்கிவைக்கிற குப்பை அதைவிட லட்சணமாக இருக்கும். அந்தக் குப்பையின் மேல், மார்கழி பிறந்த சமயம், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முட்டைகள் வந்தன. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். மச்சானின் பைனாகுலரில்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி வைத்திருப்பவன். கருட சேவை அன்று கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் மாடியில் நின்றே பெருமாளைச் சேவிக்கலாம் என்று அதை வாங்கினான். பெருமாளைப் பார்த்த பைனாகுலரை முட்டை பார்க்க வாங்கிப் போகிறாயா என்று அவன் கேட்டான்தான். அதற்கு நான், எல்லாம் அவன் படைப்புதானே என்றேன். பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

ஒருநாள் காலையில் கரைக்குப் போனேன். கூட்டில் பறவை இல்லை, முட்டைகளும் இல்லை. வெறும் குப்பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சாரைப்பாம்பு, கீரி, பக்கத்துத் தெரு நாய், எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், முட்டையெல்லாம் போச்சுப்பா!"

"ஒடஞ்சிடுச்சா? எத்தன ட்ரே மாமா?"

"கடை முட்டை இல்லடா, குட்டை முட்டை!"

"அதுக்கா காலங்காத்தால? இங்க தறியில பாவு நூல் ஏத்திக்கினு இருக்கேன் மாமா, வெச்சுடுங்க."

மத்தியானம் பார்த்தால் பறவை உட்கார்ந்திருக்கிறது, அதன் வயிற்றுக்கு அடியில் முட்டைகளும் எட்டிப் பார்க்கின்றன. காலையில் வெயிலில் கண் கூசியிருக்கும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அடுத்தடுத்தும் இது நடந்தது. நான் கரைக்குப் போகும்போதெல்லாம் முட்டை மாயமாகும், திரும்பி வந்து பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருக்கும். நான் தடதடவென்று போகிற சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

இதற்கிடையில் மச்சான் ஒரு வேலை கொடுத்தான். தை மாசக் கடைசியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்குக் காபிக்கொட்டை நிறத்தில் புடவை வேண்டுமாம். முகூர்த்தத்துக்கு இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கிற நிறமே தனி. சாம்பிள் போட்டேன், ஒத்துப்போனது. பாதி நூலுக்குச் சாயம் ஏற்றி முடித்த அன்று மாலை நல்ல மழை. பட்டறையின் கழிவுத் தண்ணீரை ஒரு சிமெண்டுத் தொட்டியில் தேக்கி வைப்போம், வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். மழையில் அந்தத் தொட்டி விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஏறியிருந்தது.

மழை விட்டுச் சில நாள் நான் குட்டைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில் ஜன்னலிலிருந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். முட்டைகள் இருந்தன. ஆனால் வெள்ளையாக இல்லை.

பட்டறைக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த பட்டிலிருந்து ஒரு இழையை உருவினேன். பைனாகுலரில் ஒரு கண், இழையில் ஒரு கண். வெயிலில் பார்த்தேன். நிழலில் பார்த்தேன். மஞ்சள் ஒரு சொட்டுகூடத் தூக்கலும் இல்லை, குறைவும் இல்லை. என் சாயம்!

இன்னும் கிட்டப் பார்க்கிற அவசரத்தில் பைனாகுலர் மூக்கில் இடித்தது.

என் பயத்துக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது, அதைக் கேளுங்கள். தொட்டியில் விரிசல். கழிவுத் தண்ணீர் மண்ணுக்கு அடியில் ஊறி, குட்டைக்குப் போய், மிதக்கிற கூட்டில் ஏறி, முட்டையில் பிடித்துவிட்டது. அப்படியென்றால் குட்டைத் தண்ணீர் நிறம் மாறியிருக்க வேண்டாமா என்று எந்தச் சாதாரண மனிதனும் கேட்பான். நான் சாதாரண மனிதன் இல்லையே, சாயக்காரன். எங்கள் தொழிலில், சாயம் நன்றாக ஏறிவிட்டதென்றால் கடைசியில் சாயத் தொட்டித் தண்ணீர் தெளிந்துவிடும். நிறமெல்லாம் பட்டுக்குப் போய்விடும், தண்ணீரில் ஒன்றும் மிஞ்சாது. ஆக, குட்டைத் தண்ணீர் தெளிவாக இருந்ததே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. இவ்வளவு நேர்த்தியாகச் சாயம் போட்டிருக்கிறேனே என்று, அந்தப் பதற்றத்திலும் ஓரமாக ஒரு பெருமை வேறு.

ஓட்டுக்குள்ளே நான்கு உயிர். ஓட்டின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் குஞ்சு மூச்சு வாங்கும். அந்தத் துளைகளை என் சாயம் அடைத்துவிட்டால்? அன்றைக்கே அடுப்பை அணைத்தேன். மீதி நூல் வெள்ளையாகவே தொங்கியது. தொட்டியைக் காலி செய்ய வண்டியை வரவழைத்தேன். உள்ளே இறங்கி, விரிசலைத் தேடி, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் சுவர் முழுக்க இன்னொரு முறை சிமெண்டு பூசினேன்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் அறிவித்தேன். "அந்த முட்டைங்க பொரிக்கலன்னா நான் பட்டறையை மூடிடுவேன்."

"மூடிட்டு?"

"மூடிட்டு வூட்ல இருப்பேன்."

"நாள் பூரா வூட்லயா?" அவள் குழம்புக் கரண்டியோடு நின்றாள். "ஐயோ சாமி, எப்படியாவது பொரிச்சிடணும்."

மறுநாள் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போனேன். எங்கள் குடும்பம் ஏகாம்பரநாதர் பக்கம்தான். ஆனாலும் தோஷம் கழிக்க வேண்டுமென்றால் இங்கேதான் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. கூரையில் பதித்த பல்லிகளைப் படியேறித் தொட்டால், மேலே பல்லி விழுந்த தோஷம் போகும். முட்டைக்குச் சாயம் போட்ட தோஷத்துக்குத் தனியாக வாத்து எதுவும் செய்து வைக்கவில்லையாதலால் இருப்பதைத் தொடலாம் என்று வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்துச்சு? வலதா, இடதா?"

"விழலைங்க. முட்டை வெச்சிருக்குது."

"உங்க மேலயா?"

"இல்லைங்க, குட்டையில."

பெரியவர் எனக்கும் தனக்கும் நடுவில் இன்னொருவரை விட்டுக்கொண்டார். நான் பல்லிகளை நன்றாக அழுத்தித் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலில் பார்த்தால் அடுத்த இடி. பறவை தன் மார்பிலிருந்து இறகைப் பிடுங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. உதிர்ந்து தண்ணீரில் மிதந்ததையும் விடவில்லை, பொறுக்கித் தின்றது. வெள்ளை நூலைப் பார்த்து முகம் சுருங்கி நின்றிருந்த மச்சானை ஜன்னலுக்கு இழுத்தேன்.

"பாருப்பா, தன் இறகையே துன்னுது. சாயம் தலைக்கு ஏறிடுச்சு."

அவன் செல்போனைத் தட்டினான். "மாமா, இது இந்தப் பறவைங்களுக்கு வழக்கமாம். மீன் முள்ளு வயித்துல குத்தாம இருக்கறதுக்கு இறகை உள்ள தள்ளிக்குமாம். குஞ்சுக்குக்கூட ஊட்டுமாம்."

"அதை எழுதுனவன் என் குட்டையைப் பாத்தானா?"

"மாமா." அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். "தறி சும்மா நின்னுக்கினு இருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க தெனம் கேக்கறாங்க. முட்டை பொரிக்கட்டும், அப்புறம் பொடவை நெய்யறேன்னு அவங்க கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

செல்போனில் அவன் படித்த அதே பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் முட்டை நிறம் மாறுவதைப் பற்றியும் இருந்தது. எதையும் பாதிக்கு மேல் படிக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. எனக்கு அந்தப் பாதியும் இல்லை.

கடைசியில் என்னைத் தாங்க முடியாமல் போனது மனைவிக்குத்தான். மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்யா, புதுசா ஒரு கலர் வந்தா மொதல்ல இன்னா பண்ணுவ?"

"சாம்பிள் போடுவேன்."

"அப்ப போடேன்! ஊருக்கெல்லாம் சாம்பிள் போடற, உனக்குன்னு வந்தா பல்லியத் தொடற."

அடுப்படியிலிருந்து இரண்டு வெள்ளை முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கிண்ணத்தில் தொட்டியிலிருந்து எடுத்த கழிவுத் தண்ணீர். வண்டி வருவதற்குமுன் ஆராய்ச்சிக்காக ஒரு பாட்டில் பிடித்து வைத்திருந்தேன். இன்னொரு கிண்ணத்தில் குட்டையிலிருந்து அள்ளிய ஈரப் பாசியும் அழுகல் தழையும். பாசியில் போய் என்ன சாயம் இருக்கப்போகிறது என்று நான் சிரித்தேன். கிண்ணத்துக்கு ஒரு முட்டையாக முக்கி மாடியில் வைத்தோம். இரண்டாவது கிண்ணம் நாறிய நாற்றத்தில் காக்கைகூட அந்த மாடியைச் சுற்றிக்கொண்டு போனது.

எடுத்துப் பார்க்கிற நாளில் மச்சானும் வந்திருந்தான். முதல் கிண்ணத்து முட்டை திட்டுத் திட்டாக ஒரு நிறத்தில் வந்தது. கத்திரிப்பூவிலும் சேராது, செங்கல்லிலும் சேராது. ஆகத்தானே வேண்டும்? அந்தத் தொட்டியில் காபிக்கொட்டை மட்டுமா இருந்தது, அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று எல்லாம் கலந்த தண்ணீர். அதிலிருந்து சுத்தமாக ஒரே ஒரு நிறம் பிரிந்துபோய் முட்டையில் உட்காரும் என்று, வாழ்நாள் முழுக்கச் சாயம் கலக்கிற நான் நம்பியிருக்கிறேன்.

இரண்டாவது கிண்ணத்தில் கையை விட்டுப் பாசியை விலக்கினேன். முட்டையைத் தண்ணீரில் அலம்பினேன். பட்டு இழையைப் பக்கத்தில் பிடித்தேன்.

காபிக்கொட்டை.

"மாமா," என்றான் மச்சான், "ஷேடு கரெக்டா இருக்குதே! மீதி நூலை இதுலயே முக்கிடலாமா?"

"நாத்தத்துல தாலி கட்டறப்ப மாப்ள ஓடிடுவான்," என்றாள் மனைவி.

மூவரும் சிரித்த சிரிப்புக்கு, குட்டையிலிருந்தும் ஒரு கனைப்பு வந்தது. எனக்குள் மட்டும் சின்னதாக ஒரு வலி. அடுப்பு மூட்டி, கொதிநிலை பார்த்து, அரை நாள் கால் கடுக்க நின்று நான் கொண்டுவருகிற ஷேடை, ஒரு கிண்ணம் அழுகல் பாசி சும்மா கிடந்தே கொண்டுவந்துவிட்டது.

அடுத்த நாள் முதல்முறையாக நான் குட்டைக்கு ஓடவில்லை. ஜன்னலோரத்தில் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்தேன். கரையில் ஒரு ஆடு வந்தது. கூட்டில் இருந்த பறவை எழுந்தது. சுற்றிலும் கிடந்த ஈரத் தழையை அலகால் இடமும் வலமும் இழுத்து இழுத்து முட்டைகள் மேல் போட்டது. திடீரென்று விருந்தாளி வந்தால் கட்டிலில் கிடக்கிற துணியை நாம் போர்வைக்கு அடியில் தள்ளுவோமே, அந்த அவசரம். மூடி முடித்ததும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. மிதக்கிற குப்பைதான் மிஞ்சியது. ஆடு போனது. பறவை திரும்பி வந்து தழையை விலக்கிவிட்டு உட்கார்ந்தது. நான் ஆட்டின் இடத்தில் எத்தனை முறை நின்றிருக்கிறேன்!

அன்றே அடுப்பை மூட்டினேன். வெள்ளை நூல் காபிக்கொட்டை ஆனது. மச்சான் தறியில் வேலை ஓடியது.

பாசிதான் காரணம் என்று தெரிந்தும் பயம் முழுக்கப் போகவில்லை. பொரிக்கிற வரைக்கும் யாருக்குத் தெரியும்? பொங்கல் கழிந்த ஒரு காலையில் பறவையின் முதுகிலிருந்து கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட ஒரு தலை வெளியே வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மறுநாள் மூன்றாவது. அம்மாவின் இறக்கைக்குள் செருகிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்தவர்கள் போல வெளியே வேடிக்கை பார்த்தன. அப்பா முழுகி முழுகிப் புழு பூச்சி கொண்டுவந்து ஊட்டினார், நடுநடுவே இறகும் ஊட்டினார். நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா தலைகுப்புற முழுகியது, முதுகில் குஞ்சோடு.

"ஐயோ! குஞ்சோட முழுகிட்டுது!" நான் வேட்டியை மடித்துவிட்டேன்.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் வேட்டியை நான் தோய்க்க மாட்டேன்."

நின்றேன். குட்டையின் மறுகோடியில் அம்மா எழுந்தது. ஒரு குஞ்சு முதுகிலேயே இருந்தது, மற்ற இரண்டும் தக்கை மாதிரி மேலே வந்து மிதந்து, அதன் பின்னால் நீந்தி ஏறிக்கொண்டன.

என் தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் குட்டைக்குப் போகவில்லை. ஈரப் பாசியால் மூடி மூடி முட்டைகள் பழுப்பேறின. நான்கில் மூன்று பொரிந்தன, நான்காவது ஏன் பொரிக்கவில்லை என்று தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் புடவை தறியிலிருந்து இறங்கியது.